கணக்குக் காட்டும் எழுத்து

உரைநடை உலகம்

நுழையும்முன்

பாடத்தை நன்கு கற்றவர் அனைவரும் தேர்வில் வெல்வதில்லை. அறிந்ததை அடுத்தவர் ஏற்கும் வகையில் தாளில் நிறுத்தத் தெரிந்தவரே வெல்கின்றனர். பட்டயக் கணக்காளர் தேர்வு போன்ற தொழில்முறைத் தேர்வுகளில் இவ்வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்தபின் அத்தேர்வுகளை எழுத விரும்புவோருக்கும், எத்தேர்வையும் எழுதப்போகும் ஏனையோருக்கும் விடை எழுதும் முறையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

போடுவதும் காட்டுவதும்

‘கணக்குப் போடுதல்’, ‘கணக்குக் காட்டுதல்’ என இரண்டு தொடர்கள் தமிழில் வழங்குகின்றன. இரண்டும் ஒன்றல்ல. கணக்கைத் தனியே அமர்ந்து போடலாம். காட்டுவதற்கு எதிரே ஒருவர் வேண்டும். அவர் ஐயுறுவார், வினவுவார், ஏற்பார் அல்லது மறுப்பார். போட்ட கணக்கு சரியாக இருப்பினும், காட்டத் தெரியாதவன் சொல் சபையில் ஏறாது.

இவ்வேறுபாட்டைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்குரிய தகுதிகளையும் தகுதியின்மைகளையும் வரையறுக்கின்றன. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தடை பொருந்தும். பொருளைக் கவர்ந்தாரா இல்லையா என்பது வேறு வினா. கணக்குக் காட்டவில்லை என்பதே தகுதியிழக்கப் போதுமானதாக இருந்தது.

கணக்கியல் தேர்வின் விடைத்தாளும் இத்தகையதே. அங்கே நீங்கள் கணக்குப் போடுவதோடு உங்கள் பணி முடிவதில்லை. முன்பின் அறியாத ஒருவருக்குக் கணக்குக் காட்டவும் வேண்டும்.

தொழிலும் தேர்வும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் சேத்தூர். அதனைச் சூழ்ந்த வட்டாரத்தில் கணக்குக்குக் குறைவில்லை. இராஜபாளையத்தில் 1936இல் தொடங்கிய நூற்பாலைத் தொழிலும், மருத்துவத்துக்குப் பயன்படும் கட்டுத்துணி நெசவும், திருவில்லிபுத்தூரின் பால்கோவா வணிகமும், மலையடிவாரத் தோப்புகளின் தேங்காய், மாங்காய் வாணிகமும் நாள்தோறும் பற்றும் வரவும் எழுதுகின்றன. இவற்றின் கணக்கை வங்கியும் வரித்துறையும் பங்குதாரரும் படிக்கின்றனர். அவர்கள் நம்பிப் படிக்கத்தக்க வகையில் கணக்கை ஆய்ந்து சான்றளிப்பவர் பட்டயக் கணக்காளர் ஆவார்.

இப்பணிக்குரியோரை உருவாக்கும் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்வழி 1949 ஜூலை முதல் நாளில் தொடங்கப்பெற்றது. அதன் தேர்வுகள் அடிப்படை நிலை, இடைநிலை, இறுதிநிலை என மூன்று படிகளாக அமைந்துள்ளன. இடைநிலையிலும் இறுதிநிலையிலும் தாள்கள் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு தொகுதியில் தேர்ச்சி பெற ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும், தொகுதி முழுமைக்கும் சேர்த்து 50 விழுக்காடும் பெறுதல் வேண்டும். ஒரு தாளில் 39 பெற்றவர், ஏனைய தாள்களில் எத்துணை உயர்ந்த மதிப்பெண் பெற்றிருப்பினும் அத்தொகுதியில் தேறார். ஒற்றை மதிப்பெண் ஓர் இளைஞரின் அடுத்த சில மாதங்களை, அவர்தம் குடும்பத்தின் அடுத்த சில மாதச் செலவை முடிவுசெய்துவிடக்கூடும். விடை எழுதும் முறையைப் பற்றிப் பேசுவது இதனாலேயே இன்றியமையாததாகிறது.

தெரிந்து தெளிவோம்

பட்டயக் கணக்காளர் தேர்வுக்கு இணையான வேறு தொழில்முறைத் தேர்வுகளும் நம் நாட்டில் உள்ளன. அடக்கவிலைக் கணக்காளருக்கான நிறுவனம் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், நிறுவனச் செயலருக்கான நிறுவனம் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் இயங்குகின்றன.

திருத்துநர் யார்?

விடைத்தாளில் மாணவரின் பெயர் இராது. பதிவெண் மட்டுமே இருக்கும். எழுதியவர் மும்பையினரா சேத்தூரினரா, பெரிய பயிற்சி மையத்தில் பயின்றவரா வீட்டிலிருந்தே பயின்றவரா என்பதைத் திருத்துநர் அறியார். நம் ஆசிரியர் நம்மை அறிவார். நாம் அரைகுறையாக எழுதினும், “இவன் இதனைத்தான் சொல்ல வந்திருப்பான்” என நிரப்பிக்கொள்வார். தொழில்முறைத் தேர்வின் திருத்துநர்க்கு அவ்வாறு நிரப்பிக்கொள்ளும் உரிமை இல்லை. தாளில் உள்ளது உண்டு. தாளில் இல்லாதது இல்லை.

முதலில் இது கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும், சிற்றூர் மாணவர்க்கு இதனைவிட நேர்மையான ஏற்பாடு வேறில்லை. ஊரும் உடையும் பேச்சும் அறியப்படாத இடத்தில் எழுத்து ஒன்றே ஆளாக நிற்கிறது. அவ்வெழுத்தைச் செம்மைப்படுத்தப் பெரும்பணம் வேண்டுவதில்லை, பயிற்சியே வேண்டும்.

திருத்துநர் ஒருவர் பல விடைத்தாள்களைத் தொடர்ந்து படிக்கிறார். அவர் தேடுவது மூன்று: வினாவுக்குரிய விதி எங்கே? அது தரவுகளுக்கு எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளது? முடிவு என்ன? இம்மூன்றும் தேடாமலே கண்ணில் படுமாறு அமைந்த விடையே நன்கு முன்வைக்கப்பட்ட விடை. வண்ண மையும் அலங்காரக் கோடுகளும் இதற்குத் தேவையற்றவை.

கணக்கு வினா: வழியைக் காட்டுதல்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

ஒரு நூற்பாலை 2022 ஏப்ரல் 1ஆம் நாள் ரூ.4,60,000க்கு ஓர் இயந்திரம் வாங்கியது. அதனை நிறுவ ரூ.40,000 செலவாயிற்று. பயன்படும் காலம் 10 ஆண்டுகள். இறுதி மதிப்பு ரூ.50,000. நேர்க்கோட்டு முறையில் தேய்மானம் நீக்கப்படுகிறது. 2024 செப்டம்பர் 30ஆம் நாள் அவ்வியந்திரம் ரூ.3,60,000க்கு விற்கப்பட்டது. கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது. விற்பனையால் விளைந்த இலாபம் அல்லது நட்டத்தைக் கணக்கிடுக.

இதற்குரிய விடை பின்வருமாறு அமையலாம்.

விடை: இயந்திர விற்பனையால் விளைந்த நட்டம் ரூ.27,500 (கணக்கீடு 4)

கணக்கீடு 1: இயந்திரத்தின் அடக்கவிலை
கொள்முதல் விலை ரூ.4,60,000 + நிறுவுகைச் செலவு ரூ.40,000 = ரூ.5,00,000

கணக்கீடு 2: ஆண்டுத் தேய்மானம்
(அடக்கவிலை − இறுதி மதிப்பு) ÷ பயன்படும் காலம்
= (5,00,000 − 50,000) ÷ 10 = ரூ.45,000

கணக்கீடு 3: விற்ற நாள் வரையிலான தேய்மானம்
2022–23 (12 மாதங்கள்) ரூ.45,000
2023–24 (12 மாதங்கள்) ரூ.45,000
2024–25 (6 மாதங்கள்) ரூ.22,500
மொத்தம் ரூ.1,12,500

கணக்கீடு 4: விற்பனையின் விளைவு
ஏட்டு மதிப்பு: 5,00,000 − 1,12,500 = ரூ.3,87,500
விற்ற விலை: ரூ.3,60,000
நட்டம்: ரூ.27,500

இவ்விடையில் முடிவு முதலில் நிற்கிறது. அது எக்கணக்கீட்டிலிருந்து வந்தது என்னும் குறிப்பு அருகிலேயே உள்ளது. ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் எண்ணும் தலைப்பும் உண்டு. தேய்மானச் சூத்திரம் முதலில் சொற்களாலும் பின்னர் எண்களாலும் தரப்பட்டுள்ளது. மூன்றாம் ஆண்டில் ஆறு மாதங்களே கொள்ளப்பட்டன என்பதும் வெளிப்படையாக உள்ளது.

இப்போது ஒரு பிழையை எண்ணிப் பாருங்கள். விற்ற ஆண்டுக்கு ஆறு மாதங்களே கணக்கிட வேண்டும் என்பதை மறந்து, ஒருவர் முழு ஆண்டுத் தேய்மானத்தையும் நீக்கிவிட்டார். அவருக்கு மொத்தத் தேய்மானம் ரூ.1,35,000, ஏட்டு மதிப்பு ரூ.3,65,000, நட்டம் ரூ.5,000 என வரும். இவர் “நட்டம் ரூ.5,000” என்று மட்டும் எழுதியிருந்தால், திருத்துநர் முன் ஒரு தவறான எண் மட்டுமே நிற்கும். அவ்வெண் எங்கிருந்து வந்தது என அறிய அவர்க்கு வழியில்லை. அதே பிழையை நான்கு கணக்கீடுகளோடு எழுதியிருந்தால், அடக்கவிலை சரி, ஆண்டுத் தேய்மானம் சரி, இறுதிக் கணக்கீட்டின் முறை சரி, பிழை ஓரிடத்தில் மட்டுமே என்பது விளங்கும். சரியான படிகளுக்குரிய மதிப்பெண் அவர்க்குக் கிட்டும். பிழை ஒன்றே, ஒருவர் வழியை மறைத்தார், மற்றொருவர் காட்டினார்.

பட்டயக் கணக்காளர் தேர்வின் வினாத்தாள்களிலேயே இரண்டு அறிவுறுத்தல்கள் வழக்கமாக இடம்பெறுகின்றன. கணக்கீட்டுக் குறிப்புகள் விடையின் பகுதியாக அமைதல் வேண்டும் என்பது ஒன்று. தேவையான இடத்தில் தக்க அனுமானத்தைக் கொண்டு, அதனைக் குறிப்பாகத் தெரிவிக்கலாம் என்பது மற்றொன்று. ஆகவே, கணக்கீட்டைத் தாளின் ஓரத்தில் கிறுக்கிவிட்டு விடையை மட்டும் நடுவில் எழுதுவது வினாத்தாளின் அறிவுறுத்தலையே மீறுவதாகும். வினாவில் ஒரு தரவு தெளிவில்லை எனின், நீங்கள் கொண்ட பொருளை ஒரே வரியில் எழுதிவிட்டு மேலே செல்லுங்கள். சொல்லப்பட்ட அனுமானம் நேர்மை. சொல்லப்படாத அனுமானம் பிழையாகவே தோன்றும்.

சட்ட வினா: விதி, பொருத்தம், முடிவு

கணக்கியல் தேர்வுகள் எண்களால் மட்டும் ஆனவை அல்ல. சட்டம், தணிக்கை, வரி ஆகிய பாடங்களில் சொற்களால் வாதிட வேண்டும். பதினோராம் வகுப்பு மாணவர்க்கு நெருக்கமான ஒரு வினாவைக் காண்போம்.

17 வயது இளைஞன் ஒருவன் ரூ.20,000 கடன் பெற்றுக் கடனுறுதிச் சீட்டு எழுதிக் கொடுத்தான். 18 வயது நிறைந்தபின், வேறு தொகை எதுவும் பெறாமல், அப்பழைய கடனுக்காகவே புதிய சீட்டு ஒன்றை எழுதிக் கொடுத்தான். புதிய சீட்டின்படி கடன் கொடுத்தவர் தொகையைப் பெற முடியுமா?

முதல் மாணவரின் விடை: “முடியாது. ஏனெனில், கடன் வாங்கும்போது அவன் சிறுவன்.”

இரண்டாம் மாணவரின் விடை:

“விதி: இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 11இன்படி, உரிய வயது எய்தியவரே ஒப்பந்தம் செய்யும் தகுதியுடையவர். உரிய வயது எய்தாதவர் செய்யும் உடன்படிக்கை தொடக்கம் முதலே செல்லாதது என்பது மொஹரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ் வழக்கில் (1903) நிலைநாட்டப்பட்டது. தொடக்கம் முதலே செல்லாத ஒன்றை வயது வந்தபின் ஏற்றுக்கொண்டு செல்லத்தக்கதாக்க இயலாது.

பொருத்தம்: இவ்வினாவில் முதற்சீட்டு 17 வயதில் எழுதப்பட்டது, ஆகவே அது செல்லாது. இரண்டாம் சீட்டு 18 வயதுக்குப்பின் எழுதப்பட்டதாயினும், அதற்கெனப் புதிய மறுபயன் எதுவும் தரப்படவில்லை. அது செல்லாத பழைய உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் முயற்சியே ஆகும்.

முடிவு: எனவே, கடன் கொடுத்தவர் புதிய சீட்டின்படி தொகையைப் பெற முடியாது.”

இருவர் முடிவும் ஒன்றே. இருவரும் சட்டத்தை அறிந்தவர்களாகவும் இருக்கலாம். ஆயினும், முதல் விடை வினாவின் உயிர்நாடியைத் தொடவே இல்லை. வினாவிலுள்ள முடிச்சு, வயது வந்தபின் எழுதிய இரண்டாம் சீட்டு. அம்முடிச்சை அவிழ்த்துக் காட்டியவர் இரண்டாம் மாணவரே. அவர் விடையின் நீளம் கருதி மதிப்பெண் பெறவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு வேலையைச் செய்ததனால் பெற்றார்.

பிரிவு எண் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எழுதுக. ஐயம் இருப்பின் சட்டத்தின் பெயரையும் விதியின் பொருளையும் எழுதினாலே போதும். தவறான எண் சரியான விதியின்மீதும் ஐயத்தைக் கிளப்பும். அவ்வாறே, வினாவின் ஏவற்சொல்லையும் கூர்ந்து நோக்குக. ‘வேறுபடுத்துக’ எனின் இரு பொருள்களையும் ஒரே அடிப்படையில் எதிரெதிரே நிறுத்த வேண்டும். ‘கருத்துரைக்க’ எனின் விதியோடு நின்றுவிடாமல் ஒரு நிலைப்பாட்டை எடுக்க வேண்டும். ‘அறிவுரை கூறுக’ எனின் கேட்பவர் இனிச் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும்.

தாளும் காலமும்

மூன்று மணி நேரத்தில் 100 மதிப்பெண் எனின், ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். 14 மதிப்பெண் வினா ஒன்றுக்கு ஏறத்தாழ 25 நிமிடம் கிடைக்கும். இவ்வெல்லையைத் தாண்டி முதல் வினாவை மெருகேற்றிக்கொண்டிருப்பவர், கடைசி வினாவின் எளிய மதிப்பெண்களை இழக்கிறார். விடை முழுமை பெறவில்லை எனின், இடம் விட்டு அடுத்த வினாவுக்குச் சென்று, நேரம் எஞ்சினால் திரும்பி வரலாம்.

ஒவ்வொரு வினாவையும் புதிய பக்கத்தில் தொடங்குவதும், வினா எண்ணையும் உட்பிரிவையும் தெளிவாக எழுதுவதும், ஒரு வினாவின் உட்பிரிவுகளை ஒரே இடத்தில் அமைப்பதும் திருத்துநரின் தேடலைக் குறைக்கும். எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒற்றை இடத்தின்கீழ் ஒற்றை இடம் வருமாறு நிற்க வேண்டும். தலைப்பில்லாத இருப்புநிலைக் குறிப்பும், நாள் குறிக்காத இலாப நட்டக் கணக்கும் பெயரெழுதாத கடிதம் போன்றவை. அடித்தல் நேர்ந்தால் ஒரே கோட்டால் அடித்துவிட்டு மேலே செல்க. ஒரே வினாவுக்கு இரண்டு விடைகளை எழுதி இரண்டையும் விட்டுவைப்பது, தெரிவு செய்யும் பொறுப்பைத் திருத்துநர் தலையில் சுமத்துவதாகும்.

இருப்புநிலைக் குறிப்பின் இருபுறமும் ஒத்துவராதபோது பலர் பதறுகின்றனர். வேறுபாட்டைத் தேட ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். அதற்குமேல் ஒதுக்குதல் கூடாது. இருபுறமும் ஒத்துவரும்படி ஓர் எண்ணைப் புனைந்து நுழைப்பது அதனினும் தீது. தேர்வறையில் தொடங்கும் அப்பழக்கம் தொழிலுக்குள் வந்தால் அதற்குப் பெயர் மோசடி.

மொழி என்னும் மதில்

பட்டயக் கணக்காளர் தேர்வின் விடைகளை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம். தமிழ்வழியில் பயின்ற மாணவர் பலரை இச்செய்தி தயங்கச் செய்கிறது. அத்தயக்கம் இயல்பானதே, எனினும் மதிலின் உயரத்தைச் சரியாக அளந்துகொள்ள வேண்டும். கணக்கியல் விடைக்கு இலக்கிய நடை வேண்டுவதில்லை. ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்து, விதி, பொருத்தம், முடிவு என்னும் ஒழுங்கு, துறைச்சொற்களின் சரியான ஆட்சி ஆகியனவே வேண்டும். துறைச்சொற்கள் எண்ணிக்கையில் அடங்குவன. ‘தேய்மானம்’, ‘இருப்பாய்வு’, ‘மறுபயன்’ என இன்று தமிழில் பொருளுணர்ந்து கற்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் அருகில் அதன் ஆங்கிலச் சொல்லையும் எழுதிவருபவர், இரண்டு ஆண்டுகளில் தமக்கென ஓர் அகராதியையே திரட்டிவிடுவார். ஒழுங்குபட எண்ணும் ஆற்றலைத் தாய்மொழியில் பெற்றவர்க்கு வேற்றுமொழியில் மாற்ற வேண்டியவை சொற்களே. எண்ணத்தை மீண்டும் முதலிலிருந்து கட்ட வேண்டுவதில்லை.

வழிகாட்டும் வாழ்வு

இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் எனப் போற்றப்படுபவர் சென்னையைச் சேர்ந்த ஆர்.சிவபோகம் (1907–1966). விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற அவர், கணக்கியல் பட்டயப் படிப்பை மேற்கொண்டு 1933இல் அரசின் தேர்வில் வென்றார். ஆயினும், சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ளத் தடை இருந்தது. அத்தடையை எதிர்த்து முறையிட்டுப் பதிவு பெற்றார். பிற்காலத்தில், 1955 முதல் 1958 வரை, பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

பெண் என்பதும் சிறை சென்றவர் என்பதும் அவர்முன் தடைகளாக நின்றன. அவர் எழுதி வென்ற தேர்வை எவராலும் இல்லையெனச் சொல்ல முடியவில்லை. தாளில் நிறுவப்பட்ட தகுதி, தாளுக்கு வெளியே நின்ற தடைகளோடு வாதிட அவர்க்குத் துணைநின்றது.

எழுத்தே தொழில்

விடையை ஒழுங்குபட எழுதுதல் தேர்வுக்கான உத்தி மட்டும் அன்று. நாளை ஒரு நூற்பாலையின் தணிக்கை அறிக்கையைப் படிப்பவர் அதனை எழுதியவரை நேரில் அறியார். அதனை நம்பியே கடன் வழங்குவார், முதலீடு செய்வார். கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் படிக்கும் உறுப்பினரும் அவ்வாறே. முடிவு எங்கிருந்து வந்தது, எதனை அனுமானமாகக் கொண்டோம், எது நமக்குப் புலப்படவில்லை என்பவற்றை வெளிப்படையாக எழுதுவதே கணக்காளரின் அறம். விடைத்தாளில் கணக்கீட்டை மறைக்காமல் எழுதப் பழகியவர்க்கே பிறர் பணத்தின் கணக்கை மறைக்காமல் காட்டும் பழக்கம் கைவரும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உள்ள ஒரு கடை, கூட்டுறவுச் சங்கம் அல்லது தோப்பின் ஒரு மாத வரவு செலவைக் கேட்டறிந்து, அதனைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர் படித்தவுடன் புரிந்துகொள்ளுமாறு ஒரு பக்கத்தில் எழுதுக.

2. ஒரு வணிகரிடம் உள்ள சரக்கின் அடக்கவிலை ரூ.80,000. அதனை ரூ.75,000க்கு விற்கலாம்; விற்பனைச் செலவு ரூ.3,000 ஆகும். அடக்கவிலை, விற்பனைச் செலவு நீக்கிய மதிப்பு ஆகிய இரண்டில் குறைந்ததே சரக்கிருப்பின் மதிப்பாகும். விதி, பொருத்தம், முடிவு என்னும் முறையில் விடை எழுதுக.

3. வகுப்பில் ஒருவர் எழுதிய விடையைப் பெயரின்றி மற்றொருவரிடம் கொடுத்து, தாளில் உள்ளதை மட்டும் கருதி மதிப்பிடச் செய்க. இருவர் மதிப்பீட்டிலும் காணும் வேறுபாட்டைப் பற்றிக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. ‘கணக்குப் போடுதல்’, ‘கணக்குக் காட்டுதல்’ – வேறுபடுத்துக.
2. விடைத்தாளில் அனுமானத்தை வெளிப்படையாக எழுதுவது ஏன்?

சிறுவினா
1. உத்திரமேரூர்க் கல்வெட்டுச் செய்தி கட்டுரையின் கருத்துக்கு எவ்வாறு துணைசெய்கிறது?
2. சட்ட வினாவுக்கான இரு மாணவர் விடைகளையும் ஒப்பிட்டு, உங்கள் கருத்தை எழுதுக.

நெடுவினா
‘ஒழுங்குபட எழுதுதல் உத்தி மட்டும் அன்று, அறமும் ஆகும்’ – கட்டுரையின் சான்றுகளோடு நிறுவுக.